படுதா ஓரத்துப் பதில்

நோட்டீஸில் ‘தனி ஒருவர் நடிக்கும் வரலாற்று நாடகம்’ என்றுதான் போடுவார்கள். அதற்குக் கீழே கோதண்டபாணியின் படம் இருக்கும். ஒட்டு மீசை, கழுத்தை மூடிய கோட்டு, தோளில் மடித்துப் போட்ட துண்டு. துளசிங்கனார் வேஷம். நூறு வருஷத்துக்கு முன்னால் ராயப்பேட்டையில் கூலிக்காரர்களுக்கு ராப்பள்ளிக்கூடம் நடத்தி, பெண்களையும் அதில் கொண்டுவந்து உட்கார வைத்து, அதற்காகக் கல்லடி பட்ட மனுஷர் அவர். அந்தக் கதையைக் கோதண்டபாணி ஒண்டி ஆளாக மேடையில் நடத்திக் காட்டுவார். ஒரு நாற்காலி, ஓர் அரிக்கேன் விளக்கு, ஒரு கரும்பலகை. வேறே ஆள் கிடையாது.

வேறே ஆள் கிடையாது என்பதெல்லாம் முன்னால் உட்கார்ந்திருப்பவர்களுக்கு. சைடு படுதாவுக்குப் பின்னால் அவர் பெண்சாதி பாஞ்சாலி நிற்பாள்.

சங்கதி இதுதான். தனி ஆள் நாடகத்தில் எதிராளி இருக்க மாட்டான், இருப்பதாக நினைத்துக்கொண்டுதான் பேச வேண்டும். ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு, பதில் வந்த மாதிரி கொஞ்சம் பொறுத்து, அப்புறம் அடுத்த வசனத்தை எடுக்க வேண்டும். அந்தப் பொறுக்கிற வித்தைதான் கோதண்டபாணிக்கு ஆரம்பத்திலிருந்தே வரவில்லை. கேட்ட வாய் மூடுவதற்குள் அடுத்ததை அள்ளிக் கொட்டிவிடுவார். கோட்டூர்புரத்தில் இஸ்திரி வண்டி வைத்திருந்தவரை, தேய்த்துக்கொண்டே பேப்பரை உரக்கப் படிக்கிற குரலுக்காகப் பிடித்து இழுத்துவந்து நாடகம் எழுதிக் கொடுத்தவர் பேராசிரியர் கருணாகரன். பாவம் அந்த மனுஷர், ஒத்திகைக்கு ஒத்திகை தலையில் அடித்துக்கொண்டார்.

“யோவ், அவங்க பதில் சொல்ல வேணாமா? விடுய்யா கொஞ்சம்!”

“யாரு சார் பதில் சொல்றாங்க? யாருமே இல்லியே!”

தேய்த்த துணி மூட்டையைக் கொடுக்க வந்த பாஞ்சாலி பேராசிரியர் வீட்டு வாசலில் நின்று இந்தக் கூத்தைப் பார்த்தாள். “எவனாவது பதில் சொன்னாதான சார் அவரு நிறுத்துவாரு? நான் சொல்றேன், வுடுங்க” என்று கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். கோதண்டபாணி கேள்வியைக் கேட்டார். கதவுக்குப் பின்னாலிருந்து கிசுகிசுவென்று பதில் வந்தது. அவர் காது கொடுத்துக் கேட்டார், முகம் மாறிற்று, அப்புறம் பேசினார். பேராசிரியர் எழுந்து நின்று கை தட்டினார். அன்றைக்குப் பிடித்த இடம்தான் அந்தப் படுதா ஓரம். பேராசிரியர் காலமாகிவிட்டார். பாஞ்சாலி நின்ற இடத்தை விட்டு நகரவில்லை.

முதலில் பேராசிரியர் சொல்லிக் கொடுத்த பதிலைத்தான் சொன்னாள். அது சலித்துப் போனதும் வாய்க்கு வந்ததைச் சொல்ல ஆரம்பித்தாள். ஊர்ப் பெரியவர்களைப் பார்த்துத் துளசிங்கனார், “உங்கள் மௌனத்துக்கு என்ன பொருள்?” என்று முழங்குவார். “பொருளு ஒண்ணியும் இல்ல, மூணாவது வரிசைல ஒர்த்தன் கொறட்டை வுடறான், அதான்” என்று படுதா பேசும். சிரிப்பை அடக்க அவர் உதட்டைக் கடிப்பார். ‘அடக்கிய சினத்தை என்னமாய்க் காட்டினார்!’ என்று மறுநாள் ஒரு பத்திரிகையில் வந்தது. இருவரும் அதைக் காட்டிக் காட்டிச் சிரித்தார்கள்.

இப்படி இருபது வருஷத்துக்கு மேலே ஓடிற்று. காலையில் இஸ்திரி வண்டி. அவர் சட்டை பேன்ட் தேய்ப்பார், புடவை மடிப்பு அவள் கை. தேய்க்கிறபோதே கேள்வி, மடிக்கிறபோதே பதில். ஆற்றங்கரைக் குடிசைகளை எடுத்துப் பாதிச் சனத்தை ஊருக்கு வெளியே பெரும்பாக்கத்துக்கு அனுப்பிவிட்டபோதும், ஹவுசிங் போர்டு வீடு இருந்ததால் இவர்கள் தப்பித்தார்கள். சொந்தம் பந்தம் எல்லாம் போன பிறகு அவருக்கு அவள், அவளுக்கு அவர். அதைப் போய்க் கெடுத்துக்கொண்டாரே மனுஷன்!

கெட்டது மயிலாப்பூரில். ஒரு சபையில் அவருக்குப் பாராட்டு விழா எடுத்தார்கள். நாடகம் முடிந்ததும் சால்வை போட்டார்கள். செயலாளர் சுப்பராமன் மைக்கை அவர் கையில் திணித்தார்.

“ரெண்டு வார்த்தை பேசுங்கோ கோதண்டபாணி. ஒத்தையா எப்படி இத்தனையும் சமாளிக்கறேள்னு இவாளுக்கெல்லாம் தெரியணும்.”

வேஷத்தில் பேசிப் பழகின வாய். தன்னைப் பற்றி என்று சொன்னதும் அவருக்கு நாக்கு புரளவில்லை. துளசிங்கனாரின் குரல்தான் கைகொடுத்தது.

“இருபது ஆண்டுகளுக்கும் மேலாக இந்த மேடையில் நான் தனியாகவே நிற்கிறேன். எனக்குத் துணை என்று எவரும் இல்லை!”

கைதட்டல் பலமாக இருந்தது. சொன்னது அவருக்கே ருசித்தது. ருசித்ததால் இன்னொரு தடவையும் சொன்னார்.

நாடகத்தில் அவர் வெறுங்காலோடு நடிப்பார். செருப்பை யாராவது மாட்டிக்கொண்டு போய்விடுவார்கள் என்று பாஞ்சாலி கையிலேயே வைத்துக்கொண்டு நிற்பது வழக்கம். சால்வையோடு அவர் சைடுக்கு வந்தபோது செருப்பு இரண்டும் ஜோடியாகத் தரையில் இருந்தது. அவள் இல்லை. பாத்ரூம் போயிருப்பாள் என்று நின்றார். தெருவில் வந்து பார்த்தார். குளக்கரைப் பக்கம் போய்ப் பார்த்தார். போன் அடித்தார், எடுக்கவில்லை. வீட்டுக்கு வந்து சேர்ந்த பிறகு, பாலவாக்கத்தில் வாழ்க்கைப்பட்டிருக்கும் மகள் கயல்தான் கூப்பிட்டாள்.

“நைனா, அம்மா இங்க வந்துக்கீது. வாய தொறக்க மாட்டேன்னுது. இன்னா சொல்லித் தொலைச்ச நீ?”

“நான் இன்னா சொன்னேன்? ஒண்ணியும் சொல்லலியே!”

சத்தியமாக அவருக்கு அப்போது விளங்கவில்லை. சால்வையை ஆணியில் மாட்டும்போதுதான் விளங்கிற்று. விளங்கியதும் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

கோபம் இரண்டு நாளில் தணிந்துவிடும் என்று பார்த்தார். தணியவில்லை. ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. வண்டிக்கு மேலே தார்ப்பாயைக் கட்டிக்கொண்டு, ஈரக் காற்றில் அணைந்து அணைந்து போகிற கரியை விசிறிக்கொண்டு நின்றார். புடவைகள் மூட்டை மூட்டையாகத் தேங்கின. அவர் மடித்தால் கரை ஒரு பக்கம், உடல் ஒரு பக்கம்.

“பாஞ்சாலி எங்கப்பா? இந்த மடிப்பைக் கட்டிண்டு நான் எப்படி ஆபீஸ் போறது?” என்று மூன்றாம் மாடி அம்மாள் கேட்டாள்.

“பொண்ணு வூட்டுக்குப் போயிருக்கும்மா. வந்துரும்.”

‘வந்துரும்’ என்று தினம் ஒருத்தரிடமாவது சொல்ல வேண்டியிருந்தது.

நடுவில் ராயப்பேட்டையில் ஒரு நாடகம் ஒப்புக்கொண்டிருந்தார். போனார். துளசிங்கனார் தன் மனைவி தனகோட்டியிடம் பேசுகிற கட்டம் வந்தது. “தனகோட்டி! நாளைக்கு நீயும் வகுப்பில் வந்து உட்காருவாயா?” என்று கேட்டுவிட்டுப் படுதாப் பக்கம் திரும்பினார். அங்கே ஒரு தண்ணீர் டிரம்மும் அதன் மேல் யாரோ போட்ட ஈரக் குடையும் இருந்தன. அவர் பார்த்தார், பார்த்துக்கொண்டே நின்றார். பேச வேண்டும் என்பதே மறந்துவிட்டது. “பெர்சு டயலாக்க மறந்துட்டாரு டோய்!” என்று பின்னாலிருந்து குரல் வந்த பிறகுதான் தூக்கிவாரிப் போட்டது. மீதியை மூச்சுவிடாமல் ஒப்பித்துவிட்டு இறங்கினார். கூப்பிட்டவர்கள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அந்த வாரம்தான் அது ஆரம்பித்தது. அடுப்பில் சோற்றை வைத்துவிட்டு ஜன்னல் வழியாக ஆற்றைப் பார்த்துக்கொண்டு நின்றார். மழைத் தண்ணீர் ஆகாயத்தாமரையைச் சுருட்டி இழுத்துக்கொண்டு போயிற்று. சோறு அடிப்பிடிக்கிற வாசனை வந்தது.

“மூக்கு அடைச்சுக்கினு கீதா? தீயுது பாரு!”

பாஞ்சாலியின் குரல். திடுக்கிட்டுத் திரும்பினார். யாருமில்லை. அவர் வாயிலிருந்துதான் வந்திருந்தது. அச்சு அசல் அவள் மாதிரியே, கடைசியில் ஓர் இழுப்போடு. சிரித்தார். சிரித்துக்கொண்டே இருக்கும்போது கண்ணில் தண்ணீர் முட்டியது. “இன்னாத்துக்கு இப்போ ஒப்பாரி? எறக்கு சோத்த” என்று அவள் குரலிலேயே தன்னை அதட்டிக்கொண்டு சோற்றை இறக்கினார்.

அதற்கப்புறம் வீட்டில் பேச்சுக்குக் குறைவில்லை. “ரசம் எப்டி கீது?” என்பார். “கழனித் தண்ணி தேவல” என்று அவரே பதில் சொல்லிக்கொள்வார். துண்டை முந்தானை மாதிரி இழுத்துச் செருகிக்கொண்டு, இடுப்பில் கைவைத்து, தலையை ஒரு வெட்டு வெட்டுவார். பக்கத்து வீட்டில் டிவி சத்தம் நின்றால் இவரும் வாயை மூடிக்கொள்வார். தான் பேசுவது தனக்கே பைத்தியக்காரத்தனமாகத்தான் இருந்தது. ஆனால் பேசாவிட்டால் அந்த வீட்டில் இருக்க முடியவில்லை, என்ன செய்ய?

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் மழை விட்டதும் பஸ் பிடித்துப் பாலவாக்கம் போய்விட்டார். கடற்கரையில் கயலும் அவள் புருஷன் விக்கியும் பஜ்ஜிக் கடை போட்டிருக்கிறார்கள். காற்று மணலை வாரி இறைத்துக்கொண்டிருந்தது. அடுப்பைச் சுற்றித் தகரம் வைத்து மறைத்திருந்தார்கள். பாஞ்சாலி ஒரு முக்காலியில் உட்கார்ந்து வாழைக்காய் சீவிக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கவில்லை.

“வா மாமா” என்றான் விக்கி.

“கயலு, உங்க நைனாவுக்கு நாலு மொளகா பஜ்ஜி எடு” என்றாள் பாஞ்சாலி.

“எனக்குப் பசிக்கல.”

“பசிக்காமதான் மூஞ்சி இப்டி வத்திக் கீதா? துன்னு மொதல்ல.”

தின்றார். ஆறாத மிளகாய் நாக்கைச் சுட்டது. அவள் அடுத்த காயை எடுத்தாள்.

“வூட்டுக்கு வா பாஞ்சாலி.”

“எதுக்கு?”

“எதுக்குன்னா? இன்னா கேள்வி இது?”

“நீதான ஒண்டியா கீறன்னு மைக்ல சொன்ன. ஒரு வாட்டி இல்ல, ரெண்டு வாட்டி. சரி, சால்வை போட்ட மனுஷன் பொய்க்காரனா ஆவக்கூடாதுன்னு நான் கெளம்பி வந்துட்டேன். உன்ன நான் வுட்டுட்டு வரல. நீ சொன்னத நெஜமாக்கிட்டு வந்தேன்.”

விக்கிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கயல் முறைத்தாள்.

“அது ஏதோ வேகத்துல வந்துச்சு. வசனம் மாதிரி.”

“தெரியும். யோசிச்சு சொல்லியிருந்தீன்னா கைதட்டலுக்குச் சொல்றாருன்னு வுட்டுருப்பேன். யோசிக்காம வந்துச்சே, அதான் உள்ள கீறது.”

“அப்டிலாம் இல்லடி.”

“அன்னிக்கு என் கையில இன்னா இருந்துச்சு? உன் செருப்பு. அத்த மார்ல அணைக்காத கொறையா வெச்சிக்கினு நிக்கறேன். துணைன்னு எவரும் இல்லன்ற. நான் உன்னப் பாக்கறேன், செருப்பப் பாக்கறேன். எனக்கு அழுவ கூட வரல. அசிங்கமா பூட்ச்சு.”

கோதண்டபாணி மணலைப் பார்த்தார். ஒரு நண்டு வளைக்குள் இறங்குவதும் ஏறுவதுமாக இருந்தது.

“தப்புதான்” என்றார்.

“அத்த இங்க சொல்லு. பஜ்ஜி துன்ற நாலு பேரு கேக்கட்டும்.”

“சனிக்கெழம அடையாறுல ஒரு பள்ளிக்கூடத்துல நாடகம் கீது. அங்கியே சொல்றேன். மைக்ல உன் பேர சொல்றேன். எழுந்து நிக்க வெச்சு சொல்றேன்.”

“பேரு கெடக்குது வுடுய்யா. பேரா இப்போ கொறச்சல்?” கத்தியைக் கீழே வைத்தாள். “நான் ஒண்ணு கேக்கறேன். பொம்பளைய படிக்க வெச்ச மனுஷன் கதைய நடத்தற. அவரு பொண்டாட்டி தனகோட்டி அம்மா அதுல ஒரு வார்த்த பேசுதா? எல்லாத்தையும் நீயே பேசற. அந்தம்மா பேச்சு நான் பேசறதுதான். அது ஊருக்கே கேக்காது, உன் ஒர்த்தன் காதுக்குத்தான் கேக்கும். இப்போ நீயும் யாருமே இல்லன்னுட்ட. அப்போ நான் இத்தினி வருசமா யாருகிட்ட பேசினேன்? படுதா கிட்டயா?”

அடுப்பில் எண்ணெய் இரைந்துகொண்டிருந்தது.

“அம்மா, வுடும்மா. நைனா பாவம்” என்றாள் கயல்.

“நானும் பாவம்தான். உங்க நைனா காதையும் பொடனியையுமே பாத்துக்கினு நின்னவ நானு. அந்த நாடகத்த முன்னாடி குந்தி ஒரு நாளு பாத்தது கெடையாது.” முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். “சரி. சனிக்கெழம வர்றேன். முன்னாடி உக்காந்து பாக்கறேன்.”

“நீ முன்னாடி உக்காந்தா சைடுல யாரு சொல்றது? ராயப்பேட்டைல என் மானமே பூட்ச்சு.”

“அங்கருந்தே சொல்றேன். என் ஒதட்டப் பாத்துக்கோ. நீ கேளு, நான் சொல்றேன், நான் சொல்லி முடிக்கற வரிக்கும் வாய மூடிக்கினு நில்லு. அது ஒண்ணு பண்ணு, போதும். அப்பால வூட்டுக்கு வர்றதப் பத்திப் பேசலாம்.”

“அவ்ளோதான?”

“அவ்ளோதான். உனுக்கு அவ்ளோதானான்னு கீது பாரு” என்று மறுபடியும் வாழைக்காயை எடுத்தாள்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது அவருக்குக் கால் தரையில் பாவவில்லை. சனிக்கிழமை வரைக்கும் வீட்டைக் கூட்டிப் பெருக்கினார், பாத்திரங்களைக் கவிழ்த்து வைத்தார். “பாரேன், சுத்தமா கீதுல்ல?” என்று கேட்டு, “ஏதோ கீது” என்று அவள் குரலில் சொல்லிக்கொண்டார். அந்தப் பழக்கம் மட்டும் விடவில்லை.

சனிக்கிழமை மத்தியானமே பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டார். ஏற்பாடு செய்திருந்த டீச்சர் ஷண்முகப்ரியா ரொம்ப மரியாதையான பெண்.

“சார், பசங்க கொஞ்சம் சத்தம் போடுவாங்க. சீரியஸா எதுவும் ஒரு இடத்துல உக்காந்து பாக்க மாட்டாங்க. நீங்க தப்பா எடுத்துக்கக் கூடாது” என்று முன்கூட்டியே மன்னிப்புக் கேட்டுக்கொண்டாள்.

நாடகம் ஆரம்பிக்கும்போது பாஞ்சாலி முதல் வரிசை ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் கயல். பாஞ்சாலி கட்டியிருந்தது தி.நகரில் கயல் கல்யாணத்துக்கு எடுத்த கிளிப்பச்சைப் புடவை, தலை நிறைய மல்லி. வேஷத்துக்குள்ளிருந்து அவளைப் பார்த்ததுமே அவருக்குப் பாதி உயிர் திரும்பிற்று.

முதல் கட்டத்தில் துளசிங்கனார் ஊர்ப் பெரியவர்களிடம் கேள்வி கேட்டார், நிறுத்தினார், பாஞ்சாலியைப் பார்த்தார். ‘மீசை ஓரமா பிரியுது’ என்று உதடு அசைந்தது. அவர் மீசையை ஒரு விரலால் நீவி அழுத்தினார். என்ன கம்பீரம் என்று டீச்சர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அடுத்த கேள்விக்கு, ‘கொரலு நல்லா கீது, கத்தாத’ என்றாள். தணித்துப் பேசினார். பழைய நாட்கள் அப்படியே வந்துவிட்டன. இப்படியே கொண்டுபோய்க் கரை சேர்த்துவிடலாம், ராத்திரிச் சாப்பாடு இரண்டு பேருக்கு வைக்கலாம் என்று மனசு ஒரு பக்கம் கணக்குப் போட்டது.

பிள்ளைகள் மட்டும் நெளிந்துகொண்டிருந்தார்கள். பின்வரிசைகளில் சலசலப்பு ஏறிக்கொண்டே போயிற்று. யாரோ கொட்டாவி விட, நாலு பேர் அதே மாதிரி விட்டுச் சிரித்தார்கள். ராயப்பேட்டையில் கேட்ட குரல் அவர் காதில் மறுபடி ஒலித்தது.

தனகோட்டி கட்டம் வந்தது.

“தனகோட்டி! நாளைக்கு நீயும் வகுப்பில் வந்து உட்காருவாயா?”

பாஞ்சாலியைப் பார்த்தார். அவள் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தாள். உதடு பிரிந்தது.

அந்த நொடியில் அவர் கை தோளில் கிடந்த துண்டை இழுத்து முந்தானையாகச் செருகிற்று. இன்னொரு கை இடுப்புக்குப் போயிற்று.

“நான் வந்து குந்திக்கினா அடுப்ப யாரு பாக்கறது? உங்க அப்பனா?”

அவர் யோசித்துச் செய்யவில்லை. இத்தனை நாளாக அடுப்படியில் வந்த மாதிரிதான் வந்தது. அரங்கம் ஒரு கணம் அசந்து நின்றது. அப்புறம் கூரை பிய்த்துக்கொள்கிற மாதிரி ஒரு சிரிப்பு. பின்வரிசைப் பிள்ளைகள் பெஞ்சைத் தட்டினார்கள். ராயப்பேட்டையில் பட்ட அவமானமெல்லாம் அந்தச் சத்தத்தில் கழுவிக்கொண்டு போயிற்று. உடம்பெல்லாம் சூடாகிவிட்டது கோதண்டபாணிக்கு.

அப்போது அவர் பாஞ்சாலியைப் பார்த்தார். அவள் சிரிக்கவில்லை. சொல்லிக்கொண்டிருந்தாள். அந்தச் சத்தத்துக்கு நடுவிலும், சொன்ன சொல் மாறாமல், அவரையே பார்த்துக்கொண்டு உதட்டை அசைத்து எதையோ நிதானமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். நிறுத்தியிருக்கலாம். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, அவள் முடிக்கிற வரைக்கும் சும்மா நின்றிருக்கலாம். நிற்க வேண்டும் என்று அவருக்குத் தெரியவும் தெரிந்தது. ஆனால் அத்தனை சனமும் அடுத்தது என்ன என்று வாயைப் பார்த்துக்கொண்டிருந்ததே!

“தனகோட்டி, கல்லெறிவார்கள். அஞ்சுகிறாயா?” என்று கம்பீரமாகக் கேட்டார். உடனே இடுப்பில் கைவைத்துத் தலையை வெட்டினார். “கல்லா? என் சமையல நானே துன்னு துன்னு வயிறே கல்லாதான் கீது!”

அவ்வளவுதான், கட்டுக்கடங்கவில்லை. அந்தக் கட்டம் முழுக்க அவரே கேட்டார், அவரே சொன்னார். நடுவில் ஒரு தரம் பார்த்தபோது பாஞ்சாலியின் உதடு நின்றுவிட்டிருந்தது. முந்தானை நுனியை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

முடிந்ததும் அவர் மைக்கைக் கேட்டு வாங்கினார். கொடுத்த வாக்கைக் காப்பாற்ற வேண்டும் அல்லவா? துளசிங்கனார் குரலில் இல்லாமல், தன் சொந்தக் குரலில், கொஞ்சம் திக்கித் திக்கித்தான் சொன்னார்.

“இது ஒண்டி ஆளு நாடகம் இல்லீங்க. என் சம்சாரம் பாஞ்சாலி. தோ, உக்காந்து கீறாங்க. இவங்க இல்லன்னா நான் இல்ல. எழுந்து நில்லு பாஞ்சாலி.”

அவள் எழுந்து நின்று கும்பிட்டாள். கைதட்டினார்கள். அதற்குள் ஒரு பெண்பிள்ளை, “ஏய், இவங்கதான்டி அவங்க! இவங்களதான் பண்ணிக் காட்டினாரு!” என்று கூவினாள். எல்லாத் தலையும் திரும்பிற்று. இன்னொரு பெண் இடுப்பில் கைவைத்து, “உங்க அப்பனா?” என்றாள். மறுபடியும் சிரிப்பு. கள்ளமில்லாத சிரிப்புதான், பிள்ளைகளுக்கு என்ன தெரியும்? பாஞ்சாலியும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே உட்கார்ந்தாள்.

வேஷம் கலைக்க ஒரு வகுப்பறையைக் கொடுத்திருந்தார்கள். பாஞ்சாலி வந்தாள். வழக்கம்போலப் பஞ்சில் தேங்காய் எண்ணெய் தொட்டு மீசைப் பசையை ஊற வைத்தாள். அவர் சின்னப் பெஞ்சில் முகத்தை நிமிர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“நல்லா பண்ண” என்றாள்.

“நெஜமாவா சொல்ற?”

“நெஜமாதான். நான் அப்டித்தான் பேசறேனா?”

“அப்டித்தான்.”

“இடுப்புல கை வெச்சுக்குவேனா?”

“வெச்சுக்குவ.”

“எனக்கே தெரியாது பாரேன்.” மீசையின் ஒரு முனையை வலிக்காமல் பிரித்தாள். “நான் சொல்லிக்கினு இருந்தேன். பாத்தியா?”

லைட்டு கண்ணில் அடித்தது, தெரியவில்லை என்று சொல்லிவிடலாம். சொல்ல வாய் வரவில்லை.

“பாத்தேன்.”

“பாத்துக்கினேதான் பேசின.”

“ஆமா.”

“இன்னா சொன்னேன்னு தெரியுமா?”

அவருக்குத் தெரியவில்லை. முதல் கட்டத்தில் அவள் உதட்டைப் படித்த கண்தான். ஆனால் அப்போது அவர் காது முழுக்கச் சிரிப்புச் சத்தம்.

“அடுப்பு, சமையலு, அதெல்லாம் நான் சொல்லல. ‘வந்து உட்காருவாயா’ன்னு கேட்டல்ல? ‘வர்றேன்’னு சொன்னேன். ‘கல்லு வுழுந்தா வுழட்டும், வர்றேன். துணி மூட்ட தேங்கிப் போயிருக்கும், நாளைக்கே வர்றேன்’ன்னு சொன்னேன்.”

மீசை முழுதாகக் கையோடு வந்துவிட்டது. அதைத் துடைத்து அட்டைப் பெட்டிக்குள் வைத்து மூடினாள்.

கோதண்டபாணி அவள் கையைப் பிடித்தார். “இப்போ கேக்கறேன் பாஞ்சாலி. வூட்டுக்கு வர்றியா? சொல்லு, நான் வாயத் தொறக்கல. நீ சொல்ற வரிக்கும் நிக்கறேன்.”

“என்னை இன்னாத்துக்குக் கேக்கற?” என்றாள். குரலில் கோபமே இல்லை, அதுதான் அவரைக் கொன்றது. “பதிலும் நீயே நல்லா சொல்றியே. சொல்லிக்கோ.”

கையை விடுவித்துக்கொண்டாள். வெளியிலிருந்து கயல், “அம்மா, பஸ் வந்துரும், அங்க கடைல அவரு ஒண்டியா கீறாரு” என்று கூப்பிட்டாள். பாஞ்சாலி எண்ணெய்ப் பஞ்சைக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு, புடவைக் கொசுவத்தை ஒரு தட்டுத் தட்டிக்கொண்டு போனாள். ஜன்னல் வழியாகப் பார்த்தார். ஈர மைதானத்தில் குட்டைகளைத் தாண்டித் தாண்டி இருவரும் கேட் வரைக்கும் போனார்கள். கேட்டைத் தாண்டியதும் மதில் மறைத்துவிட்டது.

முகத்தில் பாதிப் பவுடரோடு அவர் அப்படியே நின்றுகொண்டிருந்தார். கதவைத் தட்டிவிட்டு ஷண்முகப்ரியா ஓடிவந்தாள். அவளுக்கு மூச்சு வாங்கியது.

“சார், எங்க பிரின்சிபால் அசந்துட்டாங்க! எங்க இன்னொரு ஸ்கூல்லயும் உடனே போடணும்னு சொல்றாங்க. ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாங்க சார். அந்த மனைவி வர்ற சீன்தான் உயிரா இருக்கு. அதை இன்னும் கொஞ்சம் நீட்ட முடியுமா? அவங்க பேசறத இன்னும் நிறைய வைக்க முடியுமா?”

கோதண்டபாணி ஜன்னலிலிருந்து திரும்பினார்.

“நீட்டிடலாம்மா” என்றார்.